கலங்கல் போனால் தண்ணி

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் சந்திப்பின் இரைச்சலை விட்டு மேற்கே, முடிச்சூர் தாண்டி வரதராஜபுரம் பக்கம் போனால் ஒரு பாலம். கீழே அடையாறு. ஆதனூர் ஏரியில் புறப்பட்டுச் சில கிலோமீட்டரே வந்திருக்கும் பிள்ளை ஆறு. ஐப்பசி பிறந்தும் மழை இன்னும் பிடிக்கவில்லை. நடுவில் கணுக்காலளவு ஓடுவது மழைநீர் அல்ல, வாசனையே சொல்லிவிடுகிறது.

கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் பைக்கை ஓரங்கட்டி, கைப்பிடிச் சுவரில் குனிந்து தூணைப் பார்க்கிறார். பழைய சேற்றுக் கோடு தூணின் மேல்பகுதியில் மங்கலாக இருக்கிறது. போனில் சொல்கிறார்: "தரையோடதான் ஓடுது. பீரோவ இப்பவே மாடிக்கு ஏத்த வேணாம்."

எருமைகள் நாலு, ஆகாயத்தாமரையை ஒதுக்கிக்கொண்டு கழுத்தளவு பள்ளமாகப் பார்த்து அமர்கின்றன. பையன்கள் இருவர் மைதா உருண்டையைத் தூண்டிலில் குத்தி ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறார்கள். "இதையா தின்பீங்க?" என்கிறார் பைக்கில் வந்தவர்.

"விக்கிறதுக்குண்ணா."

கழிவுநீர் லாரி ஒன்று பாலத்தருகே வேகம் குறைத்து, ஆள் நிற்பதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறது. இருட்டினால் திரும்பி வருமோ என்னவோ.

டீக்கடையில் பேச்சு 2015 வெள்ளத்துக்குத் தாவுகிறது. இந்தப் பக்கம் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போகும். டிசம்பர் 1ஆம் தேதி மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். "செம்பரம்பாக்கத்தத் தொறந்தானுங்க, முடிஞ்சுது கதை" என்கிறார் ஒருவர். அன்று செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்தது விநாடிக்கு 29,000 கன அடி, உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே, இந்த இடத்துக்குக் கீழே. மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்தை மூழ்கடித்த தண்ணீர் அது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது மேலேயுள்ள ஆதனூர், மண்ணிவாக்கம் போன்ற ஏரிகளின் உபரி.

மூலையில் கிளாஸை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் இதை ஒரே வரியில் முடிக்கிறார்: "மேல ஏரி கலங்கல் போனா நமக்குத் தண்ணி. அதுக்குக் கதவா இருக்கு, எவன் தொறந்தான்னு கேக்க?" யாரும் பதில் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஓர் அதிகாரி கிடைப்பது கொஞ்சம் ஆறுதல்தான். ஏரி நிரம்பினால் தானே வழியும் கலங்கலில் அதுவும் கிடையாது.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்திக் கரை உயர்த்தினார்கள். வீடுகளும் தாமாகவே உயர்ந்துகொண்டன. புதுவீட்டுக்கு ஏழெட்டுப் படி ஏற வேண்டும். அதை ஒட்டிய பழைய வீட்டுக்கு, சாலை மேலே வந்துவிட்டதால், இரண்டு படி இறங்க வேண்டும். அதன் கேட்டில் 'வாடகைக்கு' அட்டை. இளம் தம்பதி ஒன்று விசாரிக்கிறது.

வீட்டுக்கார அம்மா சொல்கிறார்: "கீழ்வீடுன்னா வாடகை பேசிக்கலாம்மா. மாடின்னா சொன்னது சொன்னதுதான்."