அளந்து போடு

காப்பியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "சாயா குடிக்கும் நாட்டில் இருந்துகொண்டு காப்பியைப் பற்றி எழுதுகிறாயா?" என்றார். அவர் சொன்னது நியாயமே. வைட்டிலாச் சந்திப்பில் விடியற்காலையில் எந்தக் கடையில் நின்றாலும் கைக்கு வருவது சாயாதான். ஆனால் எங்கள் வீட்டில் காலை 5 மணிக்கு ஒரு டம்ளர் காப்பி உண்டு. அது அம்மாவின் காப்பி. அதற்கு வந்த இடையூறும், அந்த இடையூறு தீர்ந்த விதமுமே இக்கட்டுரை. இடையிடையே கொஞ்சம் பௌதிகமும் வரும். எம்.எஸ்ஸி. மாணவன் எழுதுவது, நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கத்தவர்கள். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பா ஒரு தையல் இயந்திரத்தோடு கொச்சிக்கு வந்தார். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று வைட்டிலாவில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, காக்கநாட்டுக்குப் போகும் படகுத்துறையும் இருக்கிறது. அப்பாவின் கடை மட்டும் அன்றிருந்த அளவிலேயே இருக்கிறது. அம்மா இரண்டு அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை பார்த்தாள். நாலரை மணிக்கு எழுந்து, கலியாணச் சீராக வந்த பித்தளைப் பில்டரில் டிகாக்ஷன் இறக்கி, வாசற்படியில் உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பாள். நாள் முழுவதிலும் அந்தப் பத்து நிமிஷந்தான் அவள் யாருக்கும் வேலை செய்வதில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மழையில் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, பிடிதான் கூடவில்லை. ஒரு வீட்டு வேலை போயிற்று. பித்தளைப் பில்டரின் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தோடு இறுகிக்கொண்டால் திருகி எடுக்க முடியவில்லை. ஒரு நாள் அந்தப் பில்டரைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, "இனிமே இந்தக் கை உதவாதுய்யா" என்றாள். அழவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது.

இந்தச் சமயத்தில், அம்மா வேலை பார்த்த மற்றொரு வீட்டார் வெளிநாடு போகுமுன் தங்கள் எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எஸ்பிரஸ்ஸோ என்றால் நம்மவர்களுக்குக் கலியாண வீடு ஞாபகம் வரும். புஸ்ஸென்று ஆவி சீறப் பாலை நுரைக்கவைத்து, மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுப்பார்களே, அது பெயரளவில்தான் எஸ்பிரஸ்ஸோ. அசல் வேறு. 1901இல் இத்தாலியில் லூயிஜி பெட்ஸேரா என்பவர் அதற்குரிய இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிலான் நகரத்து அக்கிலே காஜியா, நெம்புகோலால் இயங்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, வெந்நீரைப் பேரழுத்தத்தில் காப்பித் தூளுக்குள் செலுத்த வழி செய்தார். நம் பில்டரில் கால் மணி, அரை மணி சொட்டுகிற டிகாக்ஷன், இதில் அரை நிமிஷத்தில் இறங்கிவிடும். தத்துவம் ஒன்றே: தூள் வழியே வெந்நீர் போகவேண்டும். நம் பில்டரில் குடை போலக் காம்பு வைத்த துளைத்தட்டு தூளை அமுக்குகிறது. இதில் துளையிட்ட சிறு கிண்ணத்தில் தூளைப் போட்டு, ஒரு கட்டையால் நாம் அமுக்க வேண்டும்.

இது நமக்கு ஒரு வேலையா என்று ஆரம்பித்தேன். முதல் நாள் காப்பி எட்டிக்காய். இரண்டாம் நாள் புளித்தண்ணீர். மூன்றாம் நாள் கசப்பும் புளிப்பும் கைகோத்துக்கொண்டு வந்தன. போதிய பலத்தோடு அமுக்கவில்லை போலும் என்று எண்ணி, கட்டையின்மேல் உடம்பின் பாரத்தையெல்லாம் ஏற்றினேன். சில நாள் நீரே இறங்கவில்லை. சில நாள் குழாய் திறந்ததுபோல் கொட்டியது. ஒவ்வொரு நாளும் அம்மாவிடம், "எப்படிம்மா இருக்கு?" என்பேன். "நல்லாத்தான்யா இருக்கு" என்பாள். டம்ளரைக் காலி செய்துதான் கீழே வைப்பாள்.

மூன்று வாரம் இப்படி நடந்தது. ஒரு நாள் அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உங்கம்மா வேலைக்குப் போற வழியிலே சாயாக் கடையிலே நிக்கிறா, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளாகச் சாயாவை வாயில் வைக்காதவள் அம்மா.

அன்று மெட்ரோவில் களமசேரி போகும் வழியெல்லாம் யோசித்தேன். எந்தச் சோதனையிலும் அளக்கும் கருவி நேர்மையாக இருக்கவேண்டும் என்பது முதல் பாடம். நான் நம்பிய கருவி அம்மாவின் நாக்கு. அது பொய் சொல்லும் நாக்கு அல்ல. பிள்ளை மனம் நோகக் கூடாது என்று நினைக்கும் நாக்கு. பிழை என் கேள்வியில் இருந்தது. மறுநாள் கேள்வியை மாற்றினேன். "நல்லா இருக்கா" என்று கேட்கவில்லை. "நேத்து மாதிரி இருக்காம்மா?" என்றேன். அம்மா ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். "இல்லைய்யா. நேத்து இதைவிடத் தண்ணி. முந்தாநாள் வேற மாதிரி. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை" என்றாள். மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான அளவு அதுதான்.

பிறகு ஒழுங்காக வேலையைத் தொடங்கினேன். நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சிறு தராசு ஒன்று வாங்கினேன். ஒரே நாணயத்தைப் பத்து முறை வைத்துப் பார்த்தேன். பத்து முறையும் ஒரே எடை காட்டியது. அது போதும். வழக்கம்போல் கரண்டியால் தூள் போட்டு நிறுத்தேன். மூன்று தடவையில் வந்தவை 12.3, 15.8, 13.9 கிராம். ஒரே கரண்டி, ஒரே கை! அடுத்து, ஆள் ஏறி எடை பார்க்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி, அதன்மேல் கட்டையை வைத்து அமுக்கினேன். ஒரு தரம் 22 கிலோ, ஒரு தரம் 11, ஒரு தரம் 17. தூளும் மாறுகிறது, அமுக்கும் மாறுகிறது. காப்பி மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்?

தராசில் அம்மாவுக்கு வேடிக்கை. "நான் போடறதையும் நிறுத்துப் பாரேன்" என்றாள். பில்டருக்குத் தூள் அளக்க அவள் பழைய டப்பா மூடி ஒன்று வைத்திருந்தாள். இடது கையால் மூடியில் தூளை அள்ளி, விரலால் மேலே ஒரு இழுப்பு இழுத்துத் தராசில் கொட்டினாள். 24.6, 24.9, 24.5. நான் வாயடைத்துப் போனேன். "இதிலே என்ன இருக்கு? தலைதட்டி அளந்தா தப்பு வராது. நீ கோபுரமா அள்ளுறே. கோபுரம் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் நிக்குமா?" என்றாள்.

எடை ஒழுங்காயிற்று. கிண்ணத்துக்கு 14 கிராம் தூள். அதிலிருந்து 28 கிராம் டிகாக்ஷன். நேரம் 25 முதல் 30 விநாடி. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஆயினும் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவது முழுவதும் நிற்கவில்லை. அமுக்கும் பலந்தான் காரணம் என்று இன்னும் நம்பினேன். ஒரு மாலை அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கிண்ணத்தின் குறுக்களவு 51 மில்லிமீட்டர். பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். எஸ்பிரஸ்ஸோவுக்கு உரிய அழுத்தம் 9 பார். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோவுக்குச் சற்று மேல். பெருக்கினால் தூளின்மேல் நீர் கொடுக்கும் பாரம் 180 கிலோவைத் தாண்டுகிறது! நான் மூச்சுப் பிடித்து 22 கிலோ அமுக்கினால் என்ன, 11 கிலோ அமுக்கினால் என்ன? யானை மிதிக்கப்போகும் இடத்தில் பூனை மிதித்த கதைதான்.

அப்படியானால் அமுக்குவது எதற்கு? தூளைச் சமமாக, சந்து பொந்து இல்லாமல் உட்காரவைப்பதற்கு. மணல் வழியே நீர் போகும் வேகத்தைப் பற்றி ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1856இல் வெளியிட்ட விதி இங்கும் பொருந்தும். படுகை தடித்த இடத்தில் நீர் மெல்லப் போகும். மெலிந்த இடத்தில் விரைந்து போகும். வரப்பில் நண்டு வளை இருந்தால் வயல் நீரெல்லாம் அந்த வழியே ஓடிவிடும் அல்லவா? அதுபோலத் தூள் ஒரு பக்கம் சரிந்திருந்தால், நீர் இளைத்த பக்கத்தில் வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கத்துத் தூளில் இறங்கக் கூடாததெல்லாம் இறங்கிக் கசக்கிறது. மறு பக்கத்துத் தூளில் இறங்க வேண்டியது இறங்காமல் புளிக்கிறது. இரண்டும் ஒரே டம்ளரில் வந்து சேர்கின்றன.

இதில் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்து ரசாயன அறிஞர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் வேறு சிலரும் சேர்ந்து 2020இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தூளை மேன்மேலும் நைசாக அரைத்தால் காப்பி மேன்மேலும் நன்றாக இறங்கும் என்ற நம்பிக்கை ஓர் எல்லைக்குமேல் தவறு என்றும், அதற்கப்பால் நீர் சமமாகப் பாய்வதில்லை என்றும் கண்டார்கள். கடைகளில் போடும் 20 கிராமை 15 ஆகக் குறைத்து, தூளைச் சற்றுப் பருமனாக அரைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும் என்பது அவர்கள் முடிவு. நானும் கடைக்காரரிடம் சொல்லி, நைசாக அரைத்து வாங்கிய தூளை ஒரு பிடி பருமனாக அரைத்து வாங்கினேன். நீர் இறங்காமல் அடைத்துக்கொள்வது நின்றது.

இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பாதி கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்போ பலம் வேண்டாமா?" என்றாள். "வேண்டாம்மா. கிண்ணத்தைத் தட்டித் தூளைச் சமமாப் பரப்பணும். கட்டை சாயாம நேரா இறங்கணும். அவ்வளவுதான்."

அம்மா எழுந்து வந்தாள். தூளை நிறுத்துக் கிண்ணத்தில் போட்டாள். பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். பில்டரில் குடையை வைக்குமுன் இப்படித்தான் தட்டுவாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வாரம் நான் தேடியதை அவள் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறாள். கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை. பிறகு கட்டையை எடுத்தாள். இடது கையில் அல்ல, வலது கையில். மணிக்கட்டை மடக்காமல், உள்ளங்கையை மெல்ல வைத்து இறக்கினாள். எடை இயந்திரத்தில் வைத்திருந்தால் 5 கிலோகூடக் காட்டியிராது. ஆனால் தூளின் முகம் கண்ணாடிபோல் சமமாக இருந்தது. கைப்பிடியை இயந்திரத்தில் மாட்டித் திருகியது மட்டும் நான். 27 விநாடியில் 28 கிராம் இறங்கியது.

அம்மா பால் ஊற்றி ஆற்றி, முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அன்று அவள் போட்ட காப்பி முதல் காப்பி. ஒப்பிட நேற்று இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, சிரித்தாள்.

இப்பொழுது காலை 5 மணிக்குக் காப்பி போடுவது அம்மாதான். திருகும் வேலைக்கு மட்டும் என்னை எழுப்புகிறாள். தேர்வுக் காலத்தில் அது எனக்கு உபகாரமாகவும் இருக்கிறது. சாயாக் கடைப் பக்கம் அவள் இப்போது நிற்பதில்லை என்று அப்பா உளவு சொல்கிறார். போன வாரம், போன வேலைக்குப் பதிலாகப் புதிதாக ஒரு வீட்டில் சமையலுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றும், போகலாமா என்று யோசிப்பதாகவும் அம்மா சொன்னாள். "கை?" என்று கேட்டார் அப்பா. "பார்த்துப் பார்த்துச் செஞ்சா முடியும்" என்றாள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். கிண்ணத்திலே போடுவதையும் அப்படித்தான். நண்பர்களே, உங்கள் வீட்டுக் காப்பி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். "நேற்று மாதிரியே இருக்கிறது" என்று சொல்லுங்கள். போட்ட கைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.