மூக்கோடு மூக்கு சேர்ந்தால் வணக்கம்!

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள ரோட்டோருவா ஊருக்குள் நுழைந்ததுமே கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். பூங்காவில்கூட பூமிக்குள்ளிருந்து ஆவி புகையும். மவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். இங்கே மூக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. வணக்கம் சொல்வது!

'ஹொங்கி' என்பது அதன் பெயர். கைகளைப் பற்றிக்கொண்டு, மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் படும்படி இருவர் மெல்ல நெருங்குவார்கள். மூக்கை உரசுவார்கள் என்று பலர் நினைப்பது தவறு. உரசல் கிடையாது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார்கள், அவ்வளவுதான்.

அந்த மூச்சுதான் விஷயமே. தானே என்ற கடவுள் செம்மண்ணால் முதல் பெண்ணைப் பிசைந்து, அவள் மூக்கில் ஊதினாராம். அவள் தும்மினாள்; உயிர் வந்துவிட்டது! மவோரி மேடைப் பேச்சாளர்கள் இன்றும் அந்த 'உயிர்த் தும்மலை' முழங்கித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நம் ஊரில் கிளம்பும்போது தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அங்கே தும்மல்தான் ஆரம்பமே.

'மராயே' என்கிற பொது முற்றத்துக்கு வரும் விருந்தாளி சட்டென்று உள்ளே நுழைய முடியாது. வாசலில் காத்திருக்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பெண் ராகம் போட்டு அழைப்பார். வந்தவர் தரப்பிலிருந்தும் ஒரு பெண் பதில் குரல் கொடுப்பார். அதன்பிறகு இரு தரப்புப் பேச்சு, பாட்டு. எல்லாம் முடிந்து வரிசையில் நின்று ஹொங்கி. பிறகு சாப்பாடு. மூச்சைப் பகிர்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டும் ஆகிவிட்டால் அப்புறம் அந்நியர் இல்லை.

ஆனால், அதே மூச்சில் நோயும் வருமே? 1918-ல் வந்த விஷக்காய்ச்சல் நியூசிலாந்தில் சுமார் 9,000 உயிர்களைக் குடித்தது. வெள்ளையரைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு விகிதத்தில் மவோரிகள் இறந்தார்கள். வீட்டுக்கு வீடு அந்தக் கதை உண்டு. அதனால்தான் 2020 மார்ச்சில் கொரோனா நெருங்கியபோது, பல மவோரி குலங்கள் தாங்களாகவே ஹொங்கியை நிறுத்திவைத்தன. பெரியவர்களைக் காப்பாற்ற வேண்டுமே! அந்த நாட்களில் தள்ளி நின்று புருவத்தை உயர்த்துவதும் தலையசைப்பதுமே வணக்கம் ஆயின.

இப்போது ஹொங்கி திரும்பிவிட்டது. அங்கே போகிறவர்கள் அவசரப்பட்டு முகத்தை நீட்ட வேண்டாம். எதிரில் இருப்பவர் குனிந்து நெருங்கும்வரை பொறுத்திருங்கள். சளி, இருமல் இருந்தால் முன்பே சொல்லிவிட்டு, தள்ளி நின்று தலையசைத்தால் போதும்.