ஓர் உறையில் இரண்டு கத்தி

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"ஓர் உறையில் இரண்டு கத்தி இராது" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் இன்றைய கணிப்பொறி உலகமோ ஒரே உறையில் ஆயிரம் கத்திகளை வைத்து, அவை உரசிக்கொள்ளாமல் காத்து வருகிறது. செங்கற்பட்டுச் சந்திப்பில் முன்பதிவுச் சாளரத்தின் முன் நின்ற எவரும் இந்த விந்தையின் பயனைப் பெற்றவரே.

நான் மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நானே. கோயில் திருப்பணிக்காக வெளியூர் செல்லும் எங்கள் தெருக்காரர்களுக்கு முன்பதிவுப் படிவம் நிரப்பித் தருவது என் வேலை. சீட்டைக் கையில் வாங்கியதும் அப்பா கேட்பார்: "இந்த எடத்த வேற யாருக்கும் குடுத்துட மாட்டாங்களே, தம்பி?" எழுத்தறியாத அவர் கேட்டது கணிப்பொறி இயலின் கடினமான கேள்விகளுள் ஒன்று.

23ஆம் எண் படுக்கை காலி என்று செங்கற்பட்டிலும் மதுரையிலும் ஒரே நொடியில் தெரிகிறது என்று கொள்வோம். இருவரும் அதை எழுதிக்கொண்டால் முந்தைய எழுத்தைப் பிந்தைய எழுத்து அழித்துவிடும். படுக்கை ஒன்று, பயணிகள் இருவர்! இதைத் தடுப்பதே 'பூட்டு' என்னும் ஏற்பாடு. எங்கள் பட்டறையில் ஒரு சிலையை எத்தனை பேரும் நின்று பார்க்கலாம்; ஆனால் அதன் முகத்தில் ஒரு நேரத்தில் ஓர் உளிதான் படலாம். கோப்பும் அவ்வாறே. படிப்போர் பலர் இருக்கலாம், எழுதுவோர் ஒருவரே.

பல பெருங்கணிப்பொறிகள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொண்டபோது, ஐ.பி.எம். நிறுவனத்தின் பழைய முறையில், ஒரு கோப்பைத் திருத்த வட்டு முழுவதையும் ஒரு பொறி தனக்கெனப் பிடித்துக்கொள்ளும். ஒரு சிலைக்காகப் பட்டறையையே அடைத்துவிடுவது போன்றது இது! வேண்டிய கோப்புக்கு மட்டும் பூட்டுப் போடும் முறை பின்னர் வந்தது. 1983இல் டிஜிட்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'வாக்ஸ் கிளஸ்டர்' அமைப்பில், பல பொறிகளும் தம்முள் பேசிப் பூட்டுகளைப் பங்கிட்டுக்கொண்டன. நம் ரயில்வே முன்பதிவு வளர்ந்தது வாக்ஸ் வகைப் பொறிகளில்தான்.

பூட்டிலும் ஆபத்து உண்டு. முதலாமவர் போகும் வண்டியின் கணக்கைப் பூட்டிவிட்டு, திரும்பும் வண்டியின் கணக்குக்குக் காத்திருக்கிறார். மற்றவர் அதையே தலைகீழாகச் செய்கிறார். இருவரும் விடியும்வரை நிற்க வேண்டியதுதான். அனைவரும் ஒரே வரிசை முறையில் பூட்ட வேண்டும் என்பது இதற்கு மருந்து. பூட்டை வைத்திருக்கும் பொறியே நின்றுபோனால், அது அரைகுறையாய் எழுதியதை நீக்கிய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும்.

1985இல் டெல்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களாக வளர்ந்தது. 1986இல் நிறுவப்பட்ட ரயில்வே தகவல் அமைப்பு மையமான 'கிரிஸ்' உருவாக்கிய 'கான்செர்ட்' என்னும் மென்பொருள், 1999 ஏப்ரலில் ஐந்தையும் இணைத்தது. ஒரு வண்டியின் கணக்கு ஒரு மையத்தில்தான் இருக்கும். அது கொல்கத்தாவில் இருந்தால், செங்கற்பட்டிலிருந்து கேட்டாலும் கேள்வி அங்கேதான் போகும். ஐந்து ஊர்களில் ஐந்து கணக்குகள் இருந்தால் எது மெய் என்று யார் சொல்வது?

இவ்வளவும் படித்த பின் எனக்குப் பட்டது ஒன்று. இந்தப் பூட்டு இரும்பால் ஆனதன்று. அது ஓர் உடன்படிக்கை. எழுதுமுன் கேட்பேன், விரைவில் முடிப்பேன், முடிந்ததும் விடுவிப்பேன் என்று அனைத்து நிரல்களும் ஒப்புக்கொள்வதே அதன் வலிமை. கேளாமலே எழுதும் ஒரேயொரு நிரல் புகுந்தால் போதும், மற்ற அனைவரின் ஒழுங்கும் வீணாகும். "குடுக்க மாட்டாங்கப்பா" என்று அப்பாவிடம் நான் உறுதியாகச் சொல்வது அந்த ஒழுங்கை நம்பித்தான்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் அத்தகைய நிரல்களை எழுதக்கூடும். அன்று நம் திரையில் தெரிவது ஓர் எண்ணாகத்தான் இருக்கும். அதன் மறுபுறத்தில், சீட்டில் உள்ளதைப் படிக்கத் தெரியாமல், அதைச் சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் நடைமேடையில் நிற்பார் என்பதை மறவாதிருப்போமாக!