பெயர் எழுதினால் பாடலாம்

ஷெஃபீல்டில் ஓப்பன் மைக் இரவு பெரும்பாலும் வாரநாளில்தான். வெள்ளி, சனிக்குக் கூட்டம் தானாக வரும்; பாட்டு வைத்து ஆள் பிடிக்க வேண்டியது ஈயாடும் செவ்வாய்க்கிழமைக்குத்தான். நான் போன பப்பில் ஏழு மணிக்கெல்லாம் ஒரு தாளும் பேனாவும் வைத்துவிட்டார்கள். பெயர் எழுதினால் மூன்று பாட்டு பாடலாம். சிபாரிசு வேண்டாம், யாரும் பாடச் சொல்லிச் சோதிக்கவும் மாட்டார்கள்.

பாடகர்களைப் பார்க்கப் போன எனக்கு, நடத்துகிறவர் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அறுபதைத் தாண்டியவர். தாளில் உள்ள வரிசைப்படி அவர் கூப்பிடுவதே இல்லை. முதல் இரண்டு பாட்டை அவரே பாடினார். "காலி நாற்காலிக்குப் பாடுற பாவம் என்னோட போகட்டும்" என்றார். அடுத்து வாராவாரம் வரும் ஒரு பழைய கை. புது ஆளுக்கு அதற்குப் பிறகுதான் இடம். அந்த நேரத்தில் நாற்காலிகள் நிறைந்திருக்கும், யாருக்கும் போதை தலைக்கேறியிருக்காது. தொண்டை பெரியவர்களுக்கெல்லாம் பத்து மணிக்கு மேல்.

அன்றைய புது ஆள் ஒரு கல்லூரி மாணவி. கிட்டாரின் இரண்டாம் கட்டில் கேப்போவை மாட்டும்போதே விரல் நடுங்கியது. ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்டதும் மிரண்டு ஓரடி பின்வாங்கினாள். புதியவர்கள் எல்லாரும் செய்வதுதான். குரல் மெலிகிறதே என்று மிக்ஸரில் ஏற்றினால், ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கிக்கொண்டு ஊளையிடும். நம்மூர்க் கல்யாண வீட்டு மைக் செட்காரர் அங்கேதான் 'ஹலோ ஹலோ' என்று ஆரம்பிப்பார். இவர் மிக்ஸரைத் தொடவில்லை. எழுந்து போய் ஸ்டாண்டை நாலு விரற்கடை இறக்கினார். "உதடு வலையில பட்டாலும் பரவாயில்லம்மா, ஒட்டி நின்னு பாடு." 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 மைக் அது, வாயருகே பிடிக்கவென்றே செய்தது. கிட்டப் போகப் போகக் குரலின் அடிப்பகுதி தடிக்கும். அவள் ஒட்டி நின்றாள், குரலுக்குச் சதை பிடித்தது. இரண்டாம் சரணம் மறந்து தடுமாறியபோது, நடத்துகிறவர் இருந்த இடத்திலிருந்தே பல்லவியை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து மேசைகள் சேர்ந்துகொண்டன. மறந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த ஊரில் பப்பையும் பாட்டையும் பற்றிக் கேட்டால், ஆர்க்டிக் மங்கீஸ் குழு 2003 ஜூன் 13 அன்று டிரிப்பெட் லேனிலுள்ள தி கிரேப்ஸ் பப்பில் முதல் கச்சேரி செய்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது சுற்றுவட்டார கிராமங்களின் வழக்கம். டங்வொர்த், வொரால் போன்ற ஊர்களில் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் முடியும்வரை பப்பில் கூடி உள்ளூர்க் கரோல்களைப் பாடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்கள் ஓரங்கட்டிய பாட்டுகள் அவை. பீர்க் கோப்பைக்கு நடுவே பிழைத்துக் கிடக்கின்றன. பல்லவி வந்ததும் பக்கத்து மேசை சேர்ந்துகொள்வது இங்கே ஓப்பன் மைக்கோடு வந்த பழக்கம் இல்லை.

சட்டம்தான் இடையில் படுத்தியது. 2003 உரிமச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தபின், கிட்டாரோடு ஒற்றை ஆள் பாடவும் பப்புக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. 2012இல் வந்த நேரடி இசைச் சட்டம், காலை 8 முதல் இரவு 11 வரை, 200 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு அந்தத் தொல்லையை நீக்கியது. 2015இல் அது 500 பேராக உயர்ந்தது.

கூலியைப் பற்றிக் கேட்டேன். நடத்துகிறவருக்குப் பப் ஏதோ ஒரு தொகை தருகிறது. பாடுகிறவர்களுக்கு அதிகபட்சம் ஒரு கோப்பை பீர். பப் ஆண்டுதோறும் கட்டும் இசை உரிமக் கட்டணத்தில் பாட்டு எழுதியவருக்குப் பங்கு உண்டு. அதை அன்றிரவு பாடியவருக்கு இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பப் பீர் விற்றது அவர்கள் கூட்டி வந்த நண்பர்களுக்குத்தானே!

பதினொன்றுக்கு மைக் அணைந்தது. அவர் கேபிளை ஒரு சுற்று உள்பக்கமும் ஒரு சுற்று வெளிப்பக்கமுமாக, முறுக்கு விழாமல் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த மாணவி வந்து அடுத்த வாரத்துக்கு இப்போதே பெயர் எழுதலாமா என்று கேட்டாள்.

"முடியாதும்மா. ஏழு மணிக்கு வந்து எழுது."