கூடங்குளத்துக் கணினியும் நம் வீட்டுக் கணினியும்

"நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல அப்படி என்ன இருக்கு? அதப் போய் எவன் திருடப் போறான்?" வைரஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே பாதிப் பேர் சொல்லும் பதில் இதுதான். மீதிப் பேர், "ஆன்டிவைரஸ் போட்டாச்சு, இனி கவலையில்ல" என்பார்கள். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று விளக்க அமெரிக்கா, ரஷ்யா என்று தூரமாகப் போக வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கடலோரத்தில் இருக்கும் கூடங்குளம் போதும்.

2019 அக்டோபர் 28. சந்தேகமான கோப்புகளைப் பரிசோதிக்கும் வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் இருந்த ஒரு நச்சுநிரல், பாதுகாப்பு ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. அதற்குள் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் ஒரு பயனர் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தது. விஷயம் ட்விட்டரில் தீயாகப் பரவியது. மறுநாள் 29ஆம் தேதி நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. இது பொய்ச் செய்தி, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை, அவற்றின் மேல் சைபர் தாக்குதல் நடக்கவே முடியாது என்றார்கள். அதற்கு அடுத்த நாள், 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகமே ஓர் அறிக்கை விட்டது: நச்சுநிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான்!

அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இதைப் பற்றி செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் கொடுத்திருக்கிறது. அதாவது ஊருக்குத் தெரிவதற்கு எட்டு வாரம் முன்பே. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவரின் கணினி. உலையை இயக்கும் உள்வலை அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றது அறிக்கை.

அந்த நச்சுநிரலின் பெயர் டிட்ராக். வடகொரியாவோடு சேர்த்துப் பேசப்படும் லாசரஸ் என்ற கும்பலின் வேலை இது என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டம்பரில் எழுதியிருந்தது. இந்திய வங்கிகளின் ஏடிஎம்களில் செருகும் அட்டைகளின் விவரத்தைத் திருடிய ஒரு நிரலைத் துருவிக்கொண்டே போனபோதுதான் அவர்களுக்கு டிட்ராக் அகப்பட்டது. டிட்ராக் என்னதான் செய்யும்? விசைப்பலகையில் அடிப்பதையெல்லாம் பதிந்து வைக்கும். உலாவியில் எந்தெந்தப் பக்கம் போனீர்கள் என்று எடுக்கும். எந்த வட்டில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பட்டியல் போடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதில் எது அணு உலைக்கு மட்டும் உரியது? அப்பாவின் வங்கிக் கடவுச்சொல், அக்கா டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்க ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், தாத்தாவின் ஓய்வூதிய ஆவணம், கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் இருப்பதும் அதே மாதிரி ஒரு வட்டில்தானே? "அப்படி என்ன இருக்கு" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

சரி, வீட்டுக்குள் எப்படி நுழைகிறது?

ஒரு காலத்தில் பெரும்பாலும் பென் டிரைவ் வழியாக. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போய், கூடவே வைரஸையும் வாங்கி வந்த தலைமுறை ஒன்று உண்டு. இன்று முக்கியமான வாசல்களில் ஒன்று விளம்பரம். நாம் படிக்கும் தளத்தின் சொந்தக்காரருக்கே அந்த இடத்தில் என்ன விளம்பரம் வரும் என்று தெரியாது. பக்கம் திறக்கிற அந்த ஒரு நொடிக்குள் ஏலம் நடந்து, யார் அதிக விலை கேட்டாரோ அவருடைய விளம்பரம் எங்கோ இருக்கும் ஒரு சர்வரிலிருந்து வந்து உட்காரும். மோசடிக்காரனும் அந்த ஏலத்தில் காசு கட்டலாம்.

நல்ல தளங்களுக்கு மட்டும் போனால் தப்பிக்கலாமா? 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்திலேயே இது நடந்தது. ஒரு பிரபலத் தொலைபேசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விளம்பர இடம் வாங்கினார்கள். முதலில் ஒழுங்கான விளம்பரம் ஓடியது. வார இறுதியில், "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த மென்பொருளை வாங்குங்கள்" என்று மிரட்டும் போலி விளம்பரமாக அதை மாற்றிவிட்டார்கள். பெயரை நம்பி ஏமாறுவது நமக்குப் புதிதா என்ன? ஒரு கடை பிரபலமானால் அதே சாயலில் பத்து போர்டு முளைப்பதை அல்வா ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை!

புதுப்படம் இறக்கப் போகும் தளங்களோ இன்னும் மோசம். ஒரே பக்கத்தில் நாலு "டவுன்லோட்" பொத்தான் இருக்கும், அதில் மூன்று பொய். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியுங்கள்" என்று கேட்கும். அனுமதித்தால் அன்றிலிருந்து திரையின் ஓரத்தில் அறிவிப்பு என்ற பெயரில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அது வைரஸே அல்ல, நாமே கொடுத்த அனுமதி. உலாவியின் அமைப்புகளில் "அறிவிப்புகள்" பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் போதும். இது தெரியாமல் கணினியை ஃபார்மட் செய்யக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இனி, செய்ய வேண்டியவை. பெரும்பாலும் இலவசம்.

முதலாவது, விளம்பரத் தடுப்பான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே அறிவுரை சொன்னது. பிரபல நிறுவனங்களின் பெயரில் போலித் தேடல் விளம்பரங்கள் அவ்வளவு பெருகியிருந்தன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் முழுமையாக வேலை செய்யும். குரோமில் அதன் லைட் வடிவம் கிடைக்கும்.

இரண்டாவது, அப்டேட். 2017 மே 12 அன்று உலகத்தையே ஆட்டிய வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்க, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்துவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11க்கு மாற முடியாத பழைய கணினி என்றால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். படிக்க, எழுத, படம் பார்க்க அது தாராளம்.

மூன்றாவது, தனிக் கணக்கு. கூடங்குளத்தில் காப்பாற்றியது எது? நிர்வாக வலையும் உலையின் வலையும் தனித்தனியாக இருந்ததுதான். வீட்டிலும் அதைச் சின்ன அளவில் செய்யலாம். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு, மென்பொருள் நிறுவ மட்டும் நிர்வாகிக் கணக்கு. தம்பி கேம் விளையாடும் கணக்கில் அப்பா வங்கி வேலை பார்க்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் அத்தனையும் ஒரே வாய்க்காலில் போனால் என்ன ஆகும்? தாமிரபரணியில் அணைக்கட்டுக்கு அணைக்கட்டு வாய்க்கால் பிரித்து, மடை வைத்தது சும்மாவா?

நான்காவது, நகல். முக்கியமான கோப்புகளை ஒரு வெளிவட்டில் எடுத்து, எடுத்த பிறகு அதைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே கிடந்தால் பணம் பறிக்கும் நிரல் அதையும் பூட்டிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு பெருகி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணினியும் நகலும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகல் உறவினர் வீட்டு மாடியில் இருக்கட்டும்.

ஆன்டிவைரஸ்? விண்டோஸோடு வரும் டிஃபென்டரை அணைக்காமல் வைத்திருந்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சந்தேகம் வந்தால், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வந்து, "இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்றால் கூப்பிடவே கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி உலாவியை மூடினால் தீர்ந்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒன்று, இதற்கு எந்த மென்பொருளும் கிடையாது. வீட்டில் கணினி கோளாறானால் முதலில் வரும் கேள்வி என்ன? "ஏலே, என்னலே பண்ணுன?" என்பதுதானே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள், "நான் ஒண்ணும் பண்ணல, அதுவா ஆயிருச்சு" என்பார்கள். மறைத்த அந்த இரண்டு மூன்று நாளில்தான் கடவுச்சொற்கள் போகும். கூடங்குளத்திலும் முதல் நாள் வந்தது மறுப்பு, அடுத்த நாள்தான் உண்மை. அவ்வளவு பெரிய இடத்துக்கே ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருந்தது என்றால், பத்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படி இருக்கும்?

அதனால் அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "என்ன வந்துச்சு? எதை அமுக்குன? வா, சேர்ந்து பார்ப்போம்." திட்டு விழாது என்று தெரிந்த வீட்டில் விஷயம் அன்றைக்கே வெளியே வந்துவிடும். அன்றைக்கே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிட்டால், வந்த நஷ்டம் பெரும்பாலும் ஒரு மாலை நேரத்தோடு போய்விடும்.