பிரவுனுக்கு நான் கொடுத்த அத்தை

எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. தெரியும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நம்ப வைத்தவன் நான்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வளவில் எல்லா வீட்டிலும் தறி உண்டு. அப்பா குழித்தறியில் சேலை நெய்வார். அம்மாவும் அக்காவும் தார் சுற்றுவார்கள். என்னை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். அக்கா தமிழில் படித்தவள். பத்தாவதில் ஆங்கிலம் ஒன்று மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதக் காத்திருந்தாள். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அப்பா எனக்குக் கட்டிய ஃபீஸ், அவ்வளவுதான். நான் அதை என் மூளை என்று எடுத்துக்கொண்டேன்.

1980களின் நடுப்பகுதி அது. கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் ஒழுங்காகத் தெரியுமுன் எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது இலங்கை ரூபவாஹினிதான். 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம். பிதுருதலாகல மலையிலிருந்து கடல் தாண்டி வரும் அலையைப் பிடிக்கப் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் நெட்டுக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டியிருந்தோம். ஒருவர் மேலே நின்று திருப்புவார். கீழே முற்றத்தில் நாலு பேர் கத்துவார்கள். "வந்துருச்சு... போச்சு... ஏய், விட்ட எடத்துலயே நில்லு!" காற்றே இல்லாத புழுக்க ராத்திரிகளில் படம் நன்றாக விழும். எப்படியும் தூக்கம் வராது. வளவே உட்கார்ந்து பார்க்கும்.

அதில்தான் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வந்தது. லண்டனில் ஒரு மாலைநேரப் பள்ளி. பல தேசத்து ஆட்கள் இங்கிலீஷ் படிக்க வருகிறார்கள். பிரவுன் என்றொரு பாவப்பட்ட வாத்தியார். டிவியில் இருந்த ஜனங்கள் சிரிக்கும்போது எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பத்தா என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா சொல்றான்?"

தெரியலை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நான் கதை கட்டினேன்.

சிடுசிடுவென்று வரும் பிரின்சிபால் மிஸ் கோர்ட்னியைப் பிரவுனுக்கு அத்தையாக்கினேன். பிரெஞ்சுக்காரி டேனியெல் அத்தை மகள். அத்தை பெண் கொடுக்க மாட்டேன் என்கிறாள். வகுப்பில் யாருக்கு என்ன கோபம் வந்தாலும் அது இந்தச் சம்பந்தத்தால் வந்த கோபம். அப்பத்தாவுக்கு உடனே பிடிபட்டது. மிஸ் கோர்ட்னி கதவைத் திறந்தாலே "வந்துட்டாடா மகராசி" என்பாள். வகுப்பிலும் ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருக்கும் ஜமீலா அவளுக்கு ரொம்பவே இஷ்டம். "படிக்கப் போன எடத்துலயும் கை சும்மா இருக்கா பாரு" என்று அம்மாவை இடிப்பாள்.

எனக்குக் கூலி உண்டு. அப்பா சேலை கொடுத்துக் கூலி வாங்கிவரும் நாளில் சாத்தூர் சேவுப் பொட்டலம் முதலில் என் கைக்கு வரும். கம்பஞ்சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் நடுத்துண்டு எனக்கு. மற்றவர்களுக்குக் குழம்பும் மோர்மிளகாயும். அக்காவுக்கு வரவேண்டிய துண்டு அது என்று தெரிந்தேதான் தின்றேன்.

அக்கா ஒரு நோட்டோடு உட்காருவாள். காதில் விழும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். அந்த வீட்டில் அந்தத் தொடரிலிருந்து நிஜமாகவே பாடம் படித்தவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "அது அத்தை இல்லடா. அந்த இஸ்கூலுக்குப் பெரிய டீச்சரு."

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. பயந்துவிட்டேன். சேவு போய்விடும், நடுத்துண்டு போய்விடும், அப்பத்தா என்னைப் பார்க்கும் பார்வை போய்விடும். தொடரில் ரஞ்சித் சிங் என்று ஒரு பாத்திரம், எதற்கெடுத்தாலும் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்பான். நான் எழுந்து அவனைப்போலவே அக்கா முன்னால் கைகூப்பித் தலையை ஆட்டினேன். "இஸ்கூலு அம்மா, மன்னிக்கணும் இஸ்கூலு அம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று "இஸ்டூலு, இஸ்பூனு" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா நோட்டை மூடினாள். தார் சுற்றப் போய்விட்டாள்.

அந்தத் தடவை அவள் பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. அப்புறமும் கட்டவில்லை. "எனக்கு வராது" என்றாள். ஏன் என்று வீட்டில் யாரும் தோண்டிக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவே வேண்டியதில்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னதாகும். அந்தச் சமயம் ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் வாங்க வளவில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். அப்பா கையில் காசில்லை. அக்காவின் பரீட்சைப் பணம் அரிசிப் பானையில் சும்மா கிடக்கிறதே என்று ஞாபகப்படுத்தியவன் நான். பூஸ்டர் வந்தது. படம் துல்லியமாகத் தெரிந்தது.

அந்தத் தொடரைப் பற்றிப் பின்னால் படித்தேன். லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனுக்காக வின்ஸ் பவல் எழுதி 1977 டிசம்பர் 30 அன்று தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே 1979இல் மைக்கேல் கிரேடு என்ற அதிகாரி நிறுத்திவிட்டார். வெளிநாட்டார் பேசும் இங்கிலீஷை வைத்துச் சிரிப்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபியே இல்லை, இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். அவருக்காவது நடிப்பு பிழைப்பு. வீட்டுக்குள் கூடப் பிறந்தவளை வைத்து அந்தச் சிரிப்பை நடத்தியதற்கு எனக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

அக்காவைத் திருச்சுழியில் கொடுத்தது. ரமணர் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் காரில் வந்து இறங்கும் ஊர். அத்தான் கருவேல விறகில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தார். லாரிக்காரர் நீட்டும் இங்கிலீஷ் ரசீதை அக்கா எழுத்து எழுத்தாக வாசித்துப் புரிந்துகொள்வாள் என்று அத்தான் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாய்விட்டு வாசிக்க மட்டும் மாட்டாளாம்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பேரன் செல்போனில் அந்தத் தொடரை எடுத்துவிட்டான். மிஸ் கோர்ட்னி வந்ததும் அக்கா சிரித்துக்கொண்டு, "இவதான் அந்த வாத்தியாருக்கு அத்தை. பொண்ணு குடுக்க மாட்டேன்னு நிக்கிறா" என்றாள். பொய் என்று அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்தவள். பேரன் விடவில்லை. "ஐயோ அப்பத்தா, அவங்க பிரின்சிபால். யார் சொன்னா அத்தைன்னு?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பல்லாம் சத்தம் ஒழுங்கா வராதுடா" என்றேன் நான். "எங்க ரெண்டு பேருக்கும் சரியாக் கேக்கல."