ஒரு முழுச் சட்டை

முழுக்கைச் சட்டை ஒன்றைப் பிரித்துப் போட்டால் எத்தனை துண்டு வரும்? முன்பக்கம் 2, முதுகு 1, யோக் 2, கை 2, காலர் 2, காலர் பட்டி 2, கஃப் 4, பாக்கெட் 1. ஆக 16. கை ஓரத்துப் பட்டிகளையும் சேர்த்தால் 20 ஆகிவிடும்.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இத்தனையையும் ஒரே ஆள் தைப்பதில்லை. லைனில் ஆளுக்கு ஒரு வேலை. பாக்கெட் வைப்பவருக்குப் பாக்கெட் மட்டும், கை ஏற்றுபவருக்குக் கை மட்டும்.

அம்பத்தூர் பக்கம் ஒரு அக்கா 6 வருஷமாகக் காலர் தைக்கிறார். என்ன வேலை என்று கேட்டால் "சட்டை தைக்கிறேன்" என்பார். ஆனால் ஒரு சட்டையைக்கூட முழுசாகத் தைத்ததில்லை! அந்த உறுத்தல்தான் ஒருநாள் அவரைத் துணிக்கடைக்கு அனுப்பியது.

ஊரில் அவருடைய அம்மா வயல் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார். வெயிலுக்காகத்தான். தோள் தொங்கும், கை நீளும், யாருடைய அளவோ! இவருக்கு வேண்டியது தன் அளவில் ஒன்று. அரைக்கை, மெல்லிசான காட்டன், 36 இஞ்ச் அகலத்தில் 2 மீட்டர்.

காட்டன் சுருங்கும் என்பதால் முதலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டார். பிறகுதான் கத்தரி. துணி மெல்லிசு, அதனால் 11-ஆம் நம்பர் ஊசி. வீட்டில் ஓவர்லாக் மெஷின் கிடையாது. நூல் பிரியாமல் இருக்க, துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி ஒரு தையல், ஓரத்தை நறுக்கித் திருப்பி உள்ளே இன்னொரு தையல் என்று மூட்டினார்.

காலர்? சொல்லவே வேண்டாம். கை தானாக ஓடியது. மாட்டிக்கொண்டது கை ஏற்றும் இடத்தில்! கையின் மேல் வளைவு, அக்குள் வெட்டைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சுருக்கம் தெரியாமல் அதை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு முறை பிரித்தார். பக்கத்து லைனில் கை ஏற்றும் பெண் நாள் முழுக்க என்ன பாடுபடுகிறாள் என்று அன்றுதான் புரிந்ததாம்.

பட்டனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மார்பின் அகலமான இடத்தில் முதல் பட்டனைக் குறித்துவிட்டு, மற்றதை அங்கிருந்து சம இடைவெளியில் பிரித்தார். இல்லாவிட்டால் அந்த இடத்தில் சட்டை வாய் பிளக்கும். காஜா கையாலேயே போட்டார், முதலில் வெட்டுத் துணியில் பழகிவிட்டு.

இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார். மனிதனுக்கு உதவுகிற இயந்திரம் என்பது அவர் எண்ணம். கம்பெனியில் ஓடுவதும் தையல் மெஷின்தான். ஆனால் அங்கே வேகத்தை முடிவு செய்வது டார்கெட். வீட்டில், காலை எடுத்தால் சக்கரம் நின்றுவிடும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கடையில் இதைவிட மலிவாகவே ரெடிமேட் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இப்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், அவர் சொல்கிற அதே பதில் பொய்யில்லை.

அம்மாவின் அளவையும் எடுத்து வைத்திருக்கிறார். அது முழுக்கை. 20 துண்டு!